மூன்றாவது எண்

பட்டறையில் அவரைப் பெரிய மாப்பிள்ளை என்றும் அவருடைய சகலையைச் சின்ன மாப்பிள்ளை என்றும் கூப்பிட்டார்கள். ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். அக்காவைக் கட்டியவர் அவர். தங்கையைக் கட்டியவன் அவன். முதலாளியம்மா அப்படிக் கூப்பிட ஆரம்பித்ததும் கார் கழுவுகிறவர்கள், டீ கொண்டுவருகிறவர், வாடிக்கையாளர்கள் என்று எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது. எந்த வீட்டு மாப்பிள்ளை என்று யாரும் கேட்டதில்லை.

பெரிய மாப்பிள்ளை கார்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். அதன்மேல் பாதுகாப்புக் கோட்டிங் பூசுகிறவன் சின்ன மாப்பிள்ளை. மாமியார் கேட்டுக்கொண்டதற்காக அவனைக் கூட்டிவந்து வேலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான் என்று இப்போது அவர் அடிக்கடி நினைத்துக்கொள்வார்.

எல்லாம் அந்த மீட்டரால் வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற கருவி. முனையைக் காரின் தகட்டில் வைத்து அழுத்தினால் அந்த இடத்தில் பெயின்ட் எத்தனை மைக்ரான் கனம் என்று காட்டும். ஒரு காரின் மொத்தப் பெயின்டும் ஒரு தலைமுடியைவிடச் சற்றுத்தான் கூடுதல். அதிலும் பாலிஷ் மிஷின் கை வைக்கக்கூடியது மேலே இருக்கும் நிறமற்ற பூச்சில் மட்டும். அது தீர்ந்தால் கார் தீர்ந்தது. அதனால் முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும். கருவியை விற்க வந்தவர் அன்றே ஒன்று சொல்லியிருந்தார்: ஒரே இடத்தில் வைத்தாலும் ஒன்றிரண்டு முன்னே பின்னே காட்டும், அது இதன் சுபாவம், கண்டுகொள்ளாதீர்கள் என்று. யாரும் கண்டுகொள்ளவில்லை.

பட்டறையில் ஒவ்வொரு காரையும் மூன்று முறை அளப்பார்கள். பாலிஷுக்கு முன், பாலிஷுக்குப் பின், கோட்டிங்குக்குப் பின். பாலிஷ் என்பது கீறலை நிரப்புகிற வேலை அல்ல. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ளதைச் சீவி எடுக்கிற வேலை. எனவே இரண்டாவது எண் எப்போதும் முதல் எண்ணைவிடக் குறைவாக இருக்கும். மூன்றாவது எண் இரண்டாவதைவிடக் கொஞ்சம் ஏறும். அதாவது அவர் நாள் முழுக்க மிஷினோடு குனிந்து நிமிர்ந்து செய்கிற வேலை கருவியில் நஷ்டமாகத் தெரியும். அவன் ஒரு மெத்தைத் துணியில் சில சொட்டு விட்டுத் தேய்த்துத் துடைக்கிற வேலை லாபமாகத் தெரியும்.

ஒருமுறை வண்டி எடுக்க வந்த ஒருவர் எண்களைப் பார்த்துவிட்டு, இவர் நாலு மைக்ரானைச் சுரண்டிவிட்டாரா என்று கேட்டார். பெரிய மாப்பிள்ளை பாலிஷ் என்றால் என்ன என்று விளக்க வாயைத் திறப்பதற்குள் சகலை முந்திக்கொண்டான்.

"கவலைய விடுங்க சார். ரெண்டை நான் திருப்பி வச்சிட்டேன்."

வாடிக்கையாளர் சிரித்தார். முதலாளியம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எப்படியோ மாமனார் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த முறை எல்லோரும் கூடிச் சாப்பிட உட்கார்ந்தபோது மாமனார் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு வாய்ச்ச மாப்பிள்ளைங்களைப் பாருங்க. ஒருத்தர் சுரண்டறாரு. ஒருத்தர் பூசி மெழுகறாரு."

வீடே சிரித்தது. பெரிய மாப்பிள்ளையும் சிரித்தார். ஆனால் அவர் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான்.

இப்படிப் புகைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் முதலாளியம்மா ஊரின் மறுகோடியில் இரண்டாவது பட்டறை திறக்கப்போவதாகச் சொன்னார். அங்கே பொறுப்பாக ஒருவரை வைக்க வேண்டும். இருவரில் யார் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. தன்னுடைய பழைய கறுப்புக் காரைப் புதிய பட்டறையின் வாசலில் காட்சிக்கு நிறுத்தப்போகிறாராம். அதை இருவரும் சேர்ந்து செய்து முடியுங்கள், அளவை என் முன்னால் வைத்துக் காட்டுங்கள், அதன்பிறகு சொல்கிறேன் என்றார். வாடிக்கையாளருக்கு வேலையை எடுத்துக் காட்டத் தெரிந்தவர்தான் அங்கே வேண்டும் என்றும் போகிற போக்கில் சொன்னார். பெரிய மாப்பிள்ளைக்கு அந்தக் கடைசி வாக்கியம் தொண்டையில் சிக்கிய முள்போல நின்றது. எடுத்துக் காட்ட அவனிடம் ஏறுகிற எண் இருக்கிறது. தன்னிடம் என்ன இருக்கிறது?

அன்று முதல் அவர் சகலையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். அவன் சட்டையின் கைகளை மடித்துவிடுவது, முதலாளியம்மாவிடம் பேசும்போது தலையைச் சாய்த்துக்கொள்வது, வெயிலில் நிற்காததால் கறுக்காத கை. எல்லாமே அவருக்குக் கண்ணில் மிளகாய். இரவு சாப்பிடும்போது மனைவியிடம், உன் தங்கச்சி புருஷன் துடைக்கிற துணிக்குக்கூட என் மிஷினைவிட மரியாதை என்றார். அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, துணி சத்தம் போடாதுல்ல, அதான் என்றாள்.

ஒருநாள் மதியம் ஒரு சாம்பல் நிறக் காரின் சக்கரத்தருகே அவர் குந்தி உட்கார்ந்து கதவின் கீழ்விளிம்பில் ஒட்டியிருந்த நாடாவை உரித்துக்கொண்டிருந்தார். எதிரே பரிசோதனை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலைக்குமேல் சின்ன மாப்பிள்ளை மூன்றாவது அளவை எடுத்துக்கொண்டிருந்தான். பெரிய மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். மீட்டரின் முனைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு நூல் வெளிச்சம் தெரிந்தது.

பெயின்டில் விழுகிற வெளிச்சத்தைப் படித்தே வயிறு வளர்த்தவர் அவர். அந்த நூல் எங்கிருந்து வருகிறது என்று உடனே புரிந்துவிட்டது. முனையைத் தட்டையாக வைக்காமல் மணிக்கட்டை மெல்லச் சாய்த்திருக்கிறான். சாய்த்தால் முனை ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். நடுவில் இருக்கிற காற்றையும் பெயின்ட் என்று கருவி கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

அவன் டீ குடிக்கப் போனதும் அவர் எழுந்து மீட்டரை எடுத்தார். நிமிர்த்தி வைத்தார். இரண்டாவது எண்ணே வந்தது. கொஞ்சம் சாய்த்தார். இரண்டு ஏறியது. மறுபடி நிமிர்த்தினார், இறங்கியது. கோட்டிங் போலி அல்ல. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதை அவரே பார்த்திருக்கிறார். ஆனால் அது இந்தக் கருவிக்கு எட்டாத மெல்லிசு. இத்தனை நாளாகத் தன்னை வயிறெரிய வைத்த அந்த இரண்டு மைக்ரான் வெறும் காற்று.

கருவியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்று மாலை வீட்டில் தன்னை அறியாமல் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு செருப்பைக் கழற்றினார். என்ன, சம்பளம் ஏறியிருக்கா என்று மனைவி கேட்டாள். இல்லை, ஒண்ணும் ஏறலைன்னு தெரிஞ்சுது என்றார். அவளுக்குப் புரியவில்லை. அவரும் புரியவைக்கவில்லை.

கறுப்புக் கார் வந்தது. கறுப்பு எந்தக் குறையையும் மறைக்காது. விளக்கைப் பிடித்தால் பழைய கழுவல்களின் கீறல்கள் சிலந்தி வலைபோல ஒளியைச் சுற்றி வட்டமிட்டன. பெரிய மாப்பிள்ளை முதல் அளவை எடுத்தார். முன்பக்க இன்ஜின் மூடியில் நடுவே 115. தன் வாழ்நாளில் எந்தக் காருக்கும் காட்டாத பொறுமையை அதற்குக் காட்டினார். மென்மையான பஞ்சு, கொஞ்சமாகப் பாலிஷ் மருந்து, மெதுவான சுற்று. விளிம்புகளுக்கு மிஷினைக் கொண்டுபோகவே இல்லை, கையாலேயே தேய்த்தார். முடித்து எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போகத் துடைத்துவிட்டு அளந்தபோது 112. கார் கிணற்றுத் தண்ணீர்போலக் கறுத்து நின்றது. குனிந்தவர் அதில் தன் முகத்தைப் பார்த்தார். மீசையில் மருந்துத் தூள்.

சின்ன மாப்பிள்ளை அதன்மேல் வேலை செய்ததை ஒரு ஓரமாக நின்று பார்த்தார். குறுக்கும் நெடுக்குமாகப் பூசினான். பூச்சில் வானவில் நிறம் ஓடி அடங்குகிற தருணத்துக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருந்தான். முந்தினால் ஒட்டாது, பிந்தினால் கறை கட்டிவிடும். அவனுக்கு அந்தத் தருணம் தெரிந்திருந்தது. ஒரு இடத்தில்கூடக் கறை இல்லை. அது அவர் எரிச்சலை இன்னும் கிளறிவிட்டது. இவ்வளவு தெரிந்தவன் எதற்குக் கையைச் சாய்க்கிறான்?

மறுநாள் பூச்சு இறுகியபின் முதலாளியம்மா வருவதாக இருந்தது. அவர் வருவதற்கு முன்பு, கை கழுவுகிற குழாயடியில் பெரிய மாப்பிள்ளை சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னார்:

"தம்பி, இன்னிக்குக் கடைசி அளவை நான் வைக்கிறேன்."

சின்ன மாப்பிள்ளை சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். நுரை வழிந்து முழங்கைக்குப் போனது. தண்ணீரைத் திறக்கவில்லை.

"பார்த்துட்டீங்களா அண்ணே?"

"பார்த்தேன்."

"நேரா வச்சா ஒண்ணுமே ஏறாது."

"தெரியும்."

குழாயைத் திறந்தான். சத்தத்துக்கு அடியில் பேசினான். "நீங்க மிஷினைப் பிடிச்சா டீக்காரர்கூட நின்னு பார்க்கறாரு. கண்ணு முன்னாடி கார் மாறுது. நான் செய்யறது யார் கண்ணுக்குத் தெரியுது? பளபளப்பு முழுக்க உங்களுது. வீட்டுலயும் மாமா என்ன சொன்னாரு? பூசி மெழுகறவன்னாரு. எல்லாரும் சிரிச்சீங்க. நீங்களும் சிரிச்சீங்க. ஒரு நம்பராவது எனக்குன்னு இருக்கட்டுமேன்னுதான்."

பெரிய மாப்பிள்ளைக்கு முதலில் கோபம் வந்தது. சுரண்டுகிறவன் என்று தன்னைச் சொன்னதை இவன் சுத்தமாக மறந்துவிட்டானே என்று. பிறகுதான் அவன் காதில் இரண்டாவது பாதி மட்டும் விழுந்திருக்கிறது என்பது உறைத்தது. இரக்கம்கூட எட்டிப்பார்த்தது. ஆனால் இத்தனை நாள் சேர்த்துவைத்த எரிச்சல் சும்மா விடுமா? கையை உதறிக்கொண்டு உள்ளே போனார்.

முதலாளியம்மா காரை இரண்டு சுற்றுச் சுற்றினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். நல்லா வந்திருக்கு என்றார். சரி, அளவைக் காட்டுங்கள் என்றார்.

பெரிய மாப்பிள்ளை மீட்டரைக் கையில் எடுத்தார். முதல் எண் 115, இரண்டாவது 112 என்று வாயால் சொன்னார். இப்போது 112 என்றே வரும். அம்மா ஏன் ஏறவில்லை என்பார். எப்போதும் ஏறுமே என்பார். அப்போது, நேராகப் பிடித்தால் இவ்வளவுதான் மேடம் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியத்தைக் காலையிலிருந்து மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

சின்ன மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முனையை மூடியின் நடுவில் வைத்தார். மணிக்கட்டைப் பாறைபோல நிமிர்த்தினார். முனையைச் சுற்றி வெளிச்சம் எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்தார். இல்லை. அழுத்தினார்.

114.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எடுத்து மறுபடி வைத்தார், இன்னும் நேராக, இன்னும் அழுத்தி. 114. மூன்றாம் முறை வைப்பதற்குள் முதலாளியம்மா, போதும், ரெண்டு ஏறியிருக்கு, எப்பவும்போல என்று சொல்லிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டார். ஒன்றிரண்டு முன்னே பின்னே காட்டும் என்று கருவியை விற்றவர் சொன்னது அந்த நொடியில்தான் பெரிய மாப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தது. வந்து என்ன பயன்? ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கின் நுனியில் அப்படியே காய்ந்துபோனது.

சின்ன மாப்பிள்ளை தலையைத் தூக்கினான். கண்கள் கலங்கியிருந்தன.

வார இறுதியில் முடிவு தெரிந்தது. புதிய பட்டறைக்குச் சின்ன மாப்பிள்ளை. பெரியவர் கைவேலையை விட்டுவிட்டால் இங்கே யார் செய்வது, எண்ணை எடுத்துக் காட்டச் சின்னவர் போதும் என்றார் முதலாளியம்மா. அதைப் பாராட்டாகவே சொன்னார். பெரிய மாப்பிள்ளைக்கு அது பாராட்டாகக் கேட்கவில்லை.

மாமனார் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். இந்த முறை காற்று வேறுமாதிரி வீசியது. மாமியார் அவருக்குத்தான் முதலில் இலையில் பரிமாறினார். மாமனார் தானே எழுந்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்தார். மனைவி, எப்போதும் இல்லாத ஒரு பெருமையோடு அவரைப் பார்த்தாள். கொழுந்தியா சமையலறை வாசலில் நின்று, மாமா, நீங்க விட்டுக்கொடுத்தீங்களாமே, அவரு சொல்லிச் சொல்லி அழறாரு என்றாள். என்ன விட்டுக்கொடுத்தார் என்று அவளுக்கும் தெரியவில்லை. அவன் அதைமட்டும் சொல்லவில்லைபோல.

கை கழுவப் பின்புறம் போனபோது சின்ன மாப்பிள்ளை பின்னாலேயே வந்தான்.

"அண்ணே, நீங்க எனக்காகச் சாய்ச்சீங்க. நான் பார்த்தேன்."

"சாய்க்கலை தம்பி. நேராத்தான் பிடிச்சேன்."

சின்ன மாப்பிள்ளை சிரித்தான். "தெரியும். செஞ்சதைச் சொல்லிக்க மாட்டீங்க. அதான் நீங்க."

"சத்தியமாச் சொல்றேன். உன்னை மாட்டிவிடத்தான் பிடிச்சேன்."

அவன் இன்னும் பலமாகச் சிரித்து அவர் தோளில் கை வைத்தான். கூடத்திலிருந்து மாமனார், என்னப்பா அங்கே ரெண்டு மாப்பிள்ளைகளுக்கும் ரகசியம் என்று கேட்டார். அண்ணன் ஜோக் அடிக்கிறாரு மாமா என்று அவன் உரக்கச் சொன்னான்.

புதிய பட்டறைக்கு முதலாளியம்மா புதிய மீட்டர் வாங்கிக்கொடுத்தார். பழையது இங்கேயே தங்கிவிட்டது. வாசலில் நிறுத்தக் கறுப்புக் காரை எடுத்துச்செல்ல வண்டி வந்த அன்று, ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்த இடைவெளியில் பெரிய மாப்பிள்ளை அந்தப் பழைய கருவியோடு காரருகே போனார். சுற்றிலும் யாரும் இல்லை. மூடியின் நடுவில், அதே இடத்தில், அதே கையால், அதேபோல நேராக வைத்து அழுத்தினார்.

111.