துன் கோட்டை முற்றுகையும் நிலோஜினியின் கலியாணமும்

1995 ஆவணியில், புலம்பெயர்ந்து துன் நகரில் குடியேறிய யோகலிங்கத்தின் மகள் நிலோஜினியின் கலியாண நாளன்று, செச்சென் தலைவர் ஒருவரின் குதிரைப்படை துன் ஏரிக்குள்ளிருந்து ஏறிவந்து கோட்டையை முற்றுகையிட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ருஷ்யப் பேரரசின் கோட்டை ஒன்றைப் பிடிக்கப் போய், மூடுபனியில் சதுப்புக்குள் வழிதவறியவர்கள் அவர்கள். சேறு அவர்களை இங்கே கொண்டுவந்து விட்டது. பொலிஸ் வந்து, குதிரைகள் பூப்பாத்திகளை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனது.

கலியாண மண்டபம் கோட்டைக்குக் கீழே இருந்தது. பாடன் நகரிலிருந்து வந்த மாப்பிள்ளை விஜிதரன், படை அடைத்த தெருவுக்கு அப்பால் புகையிரத நிலையத்தில் நின்றான். முகூர்த்தம் தவறினால் சம்பந்தி மகேந்திரன் மகனைத் திருப்பிக் கூட்டிப்போய்விடுவார். அப்படியொரு பழிப்பேச்சு யோகலிங்கத்தின் குடும்பத்தின்மேல் ஒருநாளும் விழுந்ததில்லை. ஆகவே, தலைப்பாகையோடு ஒருவர் வாசலில் குதிரையை விட்டு இறங்கியதுமே நாதஸ்வரக் கசெற்றைப் போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளையை நேரில் கண்டிராத பெண்ணின் தம்பி சஞ்சீவ், வழக்கப்படி செம்புத் தண்ணீரால் அவர் கால்களைக் கழுவினான். சேறு கரையக் கரைய ஏரி தேநீர் நிறமாயிற்று, மீன்கள் தும்மின.

"ஐயோ, இது மாப்பிள்ளை இல்லையப்பா! போட்டோவில தாடி இல்லை," என்றார் தாய் சுலோஜனா.

"கத்தாதை. கால் கழுவியாச்சு," என்றார் யோகலிங்கம்.

தலைவருக்குத் தமிழ் விளங்கியது. அவ்வளவு காலம் சேற்றுக்குள் நடந்தவருக்கு எந்த மொழியும் விளங்கும். "தண்ணி வாத்த வாசலில நாங்கள் வாள் எடுக்கிறேல்லை," என்று முற்றுகையைக் கைவிட்டார். அவருடைய வீரர்கள் மாப்பிள்ளை வீட்டாரைக் குதிரைகளில் ஏற்றி, கூரைகளுக்கு மேலாக, ஒருவருடைய கொண்டைப் பூவும் குலையாமல், முகூர்த்தத்துக்கு முன் கொண்டுவந்து இறக்கினார்கள்.

மகேந்திரன் ஈரப் படியைப் பார்த்தார். "எங்களுக்கு முதல் ஆரின்ரை காலைக் கழுவினனீங்கள்?"

கசெற்றை நிறுத்தினார்கள்.

எந்தப் பேரரசுக்கும் குனியாத தலைவர் செம்பை வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை முன் குனிந்தார். "நான் பொம்பிளையின்ரை தமையன். காலைத் தாரும், மச்சான்."

கால் கழுவிய சகோதரனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடவேண்டும், விஜிதரன் போட்டான். மகேந்திரன் கசெற்றைத் திரும்பப் போடச் சொன்னார். மோதிரம் கைமாறிப்போன சஞ்சீவுக்கு ஒரு குதிரை கிடைத்தது. பந்தியில் வீரர்கள் இறைச்சி கேட்டார்கள். "கலியாண வீட்டில மச்சமோ?" என்று யோகலிங்கம் அதட்டவும், வாளை மடியில் வைத்துக்கொண்டு பருப்பும் பாயாசமும் சாப்பிட்டுவிட்டு ஏரிக்குள் இறங்கிப் போனார்கள்.

1997இல் நிலோஜினியின் மகளுக்குக் காது குத்தினார்கள். பிள்ளையை மடியில் வைத்திருக்கத் தாய்மாமன் வேண்டும். காலையிலேயே ஏரி கலங்கிற்று. சுலோஜனா வாசலில் செம்பை வைத்தார்.

"சேத்துக் காலோடை உள்ளை வராதை, மகன்."