மூத்தாள் டப்பா

செத்துப்போனவளோடு சமையலில் போட்டி போட்டு ஜெயிக்க முடியுமா? கார்குழலியைக் கேட்டுப் பாருங்கள். விம்கோ நகர் வீட்டுக்கு அவள் இரண்டாந்தாரமாக வந்து சேர்ந்தபோது, மூத்தவள் தாயம்மா சுவரில் மாலையோடு இருந்தாள். அலமாரி மேல்தட்டில், எவர்சில்வர் டப்பாவுக்குள்ளும் இருந்தாள்.

டப்பாவில் குழம்பு மிளகாய்த்தூள். தாயம்மா உயிரோடு இருந்தவரை பாக்கெட் தூள் அந்த வீட்டு வாசற்படி ஏறியதில்லை. சாவதற்குக் கொஞ்சம் முன்னால் அரைத்து வைத்தது அது. கார்குழலியோ காலடிப்பேட்டையில் பாக்கெட் தூளிலேயே வளர்ந்தவள். அதிலென்ன குற்றம்? அவள் வயிறும் நிறைந்துதான் வந்தது. ஆனால் அவள் வைத்த முதல் குழம்பை, தாயம்மா பெற்ற மகிழினி நாக்கில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"அம்மா டப்பாலேந்து போடு. இல்லாங்காட்டி எனக்கு சோறு வோணாம்."

பிள்ளை பட்டினி கிடந்தால் ஊர் யாரைச் சொல்லும்? சித்தியைத்தான். ஊர் கிடக்கட்டும். பிள்ளையின் குச்சிக் கைதான் கார்குழலியின் கண்ணிலேயே நின்றது. தன் கையால் ஆக்கியதை அந்தப் பெண் ஒரு வேளை நிறைய உண்ண வேண்டும், அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

டப்பாத் தூளையே போட்டாள். பிள்ளை சாப்பிட்டது. ஆனால் தூள் இரண்டு விரற்கடைதான் இருந்தது. தீர்ந்துபோனால்?

சரி, நாமே அரைப்போம் என்று இறங்கினாள். மிளகாயும் மல்லியும் வாங்கி மொட்டை மாடியில் காயப் போட்டாள். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று அடித்தால் மாடியெல்லாம் அனல்மின் நிலையச் சாம்பல் படியும்.

"தாயம்மா தன்னோட பழைய பொடவையத்தான் மேல போத்தும். நீயும் அதையே போடு" என்றாள் பக்கத்து வீட்டுப் பூவம்மா.

பரண்மேல் கிடந்தது, ஊதாப்பூ போட்ட அந்த மெல்லிய வாயில் துணிப் புடவை. மிளகாய்க் கறை துவைத்தும் போகாமல் அங்கங்கே சிவந்திருந்தது. அதைப் போர்த்திக் காயவைத்து, வறுத்து, மெஷினில் கொடுத்து அரைத்து, சூடு ஆறவிட்டு ஒரு கண்ணாடி பாட்டில் நிறையக் கொட்டினாள்.

"கசக்குது" என்றாள் மகிழினி.

காசிமேட்டு மீன்துறைமுகத்தில் ஐஸ் உடைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த அவள் புருஷன் கோதண்டமும் தலையைத் தூக்காமல், "கொஞ்சம் காந்தல் வாட அடிக்குது" என்றான். கார்குழலி அழுதாள். அழாமல் என்ன செய்வாள்? பாட்டிலைக் கீழ்த்தட்டில் மூலைக்குத் தள்ளிவிட்டாள். அதைத் திரும்பிப் பார்க்கவே அவளுக்கு மானக்கேடாக இருந்தது.

மறுபடி தாயம்மா டப்பாதான். அப்புறம்தான் அவள் கவனித்தாள், டப்பா குறையவில்லை. தினமும் எடுக்கிறாள், இரண்டு விரற்கடை அப்படியே இருக்கிறது. கொண்டை ஊசியால் உள்பக்கம் ஒரு கோடு கீறி வைத்தாள். எடுத்தபின் கோட்டுக்குக் கீழே இறங்கிய தூள், மறுநாள் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

கோதண்டத்துக்கு ஒன்றும் தெரியாது. "தாயம்மா கை அப்டியே கீது" என்று விரலைச் சூப்புவான் அந்த மனுஷன். கார்குழலியின் கை கழுத்துக்குப் போகும். கல்யாணத்தன்று மூத்தாள் படத்துக்குச் சேலை வைத்து, "அக்கா, என் மேல கோவப்படாத" என்று கும்பிட்டுவிட்டு, மூத்தாளுக்கென்று ஒரு காசைத் தாலியோடு கோத்துக்கொண்டவள் அவள்.

பூவம்மாவிடம் சொன்னாள்.

"மூத்தாளு வூட்ட வுட்டுப் போலடி. புள்ளைக்கி ஆக்கிப் போட வந்துகினுதான் கீது" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. அன்றிலிருந்து அந்த டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் கார்குழலி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒருநாள் மத்தியானம், பள்ளி விடுமுறை. மகிழினியை வீட்டில் விட்டுவிட்டுக் குடத்தோடு தண்ணீர் லாரிக்குப் போனாள். லாரி வரவில்லை. காலிக் குடத்தோடு திரும்பினால், சமையலறையில் டப்பாவில் கரண்டி உரசும் சத்தம்.

எட்டிப் பார்த்தாள். ஊதாப்பூப் புடவை நின்றது. தலையில் முக்காடு. முதுகைக் காட்டிக்கொண்டு, மேல்தட்டு டப்பாவுக்குள் கைவிட்டபடி.

கார்குழலியின் குடம் கீழே விழுந்து உருண்டது. "அக்கா..." என்றாள்.

முக்காடு திரும்பியது. ஸ்டூல்மேல் மகிழினி. அக்குளில் கார்குழலியின் கண்ணாடி பாட்டில், அடியில்தான் கொஞ்சம் தூள்.

"அடிக்காத" என்றாள் பிள்ளை.

"இன்னாடி பண்ற?"

"அம்மா டப்பா தீரக் கூடாது. தீந்துட்டா அம்மா பூடும்."

"அதுக்கு அம்மா பொடவ எதுக்குடி?"

"போத்திகினு போட்டாதான் அம்மா போட்ட மாரி."

கார்குழலிக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. அடிப்பாவி, கசக்குது என்று தள்ளிய தூளையா இத்தனை நாளும் அப்பனும் மகளுமாக வழித்து நக்கினீர்கள்! வாய்வரை வந்தது. அதற்குள் பிள்ளை பாட்டிலை ஆட்டிக் காட்டியது.

"உன்து தீரப்போவுது. இன்னும் அரைப்பியா?"

கார்குழலி அவளைப் புடவையோடு சேர்த்துத் தூக்கி இறக்கினாள். மிளகாய் நெடி ஏறி இரண்டு பேரும் தும்மினார்கள்.

அன்றைக்கும் கோதண்டம் சொன்னான். "தாயம்மா கை அப்டியே கீது."

மகிழினி மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கார்குழலியையே பார்த்தாள். சொல்லிவிடுவாளோ என்ற பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"ஆமா. அக்கா கைதான்" என்றாள் கார்குழலி.

பிள்ளை தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றது.

மறுநாள் மொட்டை மாடியில் மறுபடி மிளகாய் காய்ந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஊதாப்பூப் புடவையின் ஒரு முனையைத் தன் தலைமேலும் இழுத்துப் போட்டுக்கொண்டு மிளகாயைத் துழாவினாள் கார்குழலி. துணி உலர்த்தப் படியேறி வந்த பூவம்மா பக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு அலறினாள்.

"ஐயோ, தாயம்மா!"

"இன்னாக்கா?" என்று திரும்பிவிட்டாள் கார்குழலி.