சுவர்க்கோழிகளின் இசை ரசனை

லம்துவன் வீட்டுக் கொல்லையில் பன்னிரண்டு சிமெண்டுத் தொட்டிகள். எல்லாவற்றிலும் சுவர்க்கோழிகள். தாய்லாந்தின் கோன்கேன் சந்தையில் பூச்சி வறுத்து விற்கிறவர்கள், அவள் வளர்த்தது என்றால் மறுபேச்சில்லாமல் அள்ளிக்கொண்டு போவார்கள். அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் பாங்காக்கிலிருந்து ஆராய்ச்சியாளர் டாக்டர் கித்திபட் வந்து இறங்கினார்.

ஒன்றின் சத்தம் மற்றதற்கு எட்டாதபடி தள்ளித் தள்ளியிருந்த நான்கு தொட்டிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்றுக்கு மேல்நாட்டு வயலின், ஒன்றுக்கு ராணுவ பேண்டு, ஒன்றுக்கு ஊர்த் திருவிழாக்களில் பாடும் மோலாம் பாட்டு. நான்காவதற்கு எதுவும் கிடையாது. எந்த இசைக்குப் பூச்சி கொழுக்கிறது என்பது நாற்பத்தைந்து நாளில் தெரிந்துவிடுமாம். ஒலிபெருக்கிகளோடு ஒரு பேனரும் வந்திருந்தது. லம்துவனின் தங்கை புன்சி அதை விரித்துப் பார்த்தாள். ‘உயர்ந்த இசை, கொழுத்த பூச்சி: வயலின் கண்ட வெற்றி.’

“அக்கா, பரீட்சையே இன்னும் ஆரம்பிக்கல. ரிசல்ட்டு அச்சாகி வந்துருச்சு பாரு!”

“சும்மா இருடி. படிச்சவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்” என்றாள் லம்துவன்.

நான்கு தொட்டிக்கும் அதே தீவனம், அதே பூசணிக்காய்தான். ஆனால் வயலின் கிளம்பியதும் பூச்சிகள் தொட்டிக்குள் அடுக்கியிருந்த முட்டை அட்டைகளுக்கு அடியில் போய்ப் பதுங்கின. மோலாமுக்கும் அப்படியே, தன் கல்யாணத்தில் ஆடிய பாட்டை அவை மதிக்காததில் லம்துவனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. பேண்டு வாத்தியத் தொட்டியில் ஒன்றையொன்று கடித்துத் தின்னத் தொடங்கின. அவள் டாக்டருக்கு போன் செய்தாள்.

“தீவனத்துக்கே வர மாட்டேங்குது, டாக்டர். சத்தத்துக்குப் பயப்படுது.”

“பயமில்லக்கா. லயிச்சுப் போயிருக்கு. அதுல சாப்பாட்டையே மறந்துருச்சு.”

“ஒண்ணையொண்ணு திங்குதே, அதுவும் லயிப்புத்தானா?”

டாக்டருக்கு அவசரமாக வேறு போன் வந்துவிட்டது.

எடை போடும் நாளன்று, விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்தார். வயலின் தொட்டியை எட்டிப் பார்த்தார், எல்லாம் துரும்பு. நான்காம் தொட்டியைப் பார்த்தார். ஒவ்வொன்றும் விரல் தடிமன், தொட்டியே அதிரும்படி கத்திக்கொண்டிருந்தன. லம்துவனை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அக்கா, இந்த ஒலிபெருக்கிய மட்டும் இடம் மாத்திடலாமா? உங்க வீட்டு வாசல்ல ‘மாதிரிப் பண்ணை’ன்னு போர்டு வைக்கச் சொல்றேன்.”

அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்குள் அவரே வயலின் ஒலிபெருக்கியைத் தூக்கி நான்காம் தொட்டியில் வைத்துவிட்டார். பேசாமல் நின்றோமே என்று அவளுக்கு நெஞ்சு உறுத்தியது.

மாவட்ட வேளாண் துறையின் துணை இயக்குநர் வந்தார். பின்னால் பத்திரிகைக்காரர்கள், அக்கம்பக்கத்தார். டாக்டர் பொத்தானை அழுத்தினார். வயலின் எழுந்த நொடியில் ஆயிரக்கணக்கான பூச்சிகளும் கப்சிப் என்று அடங்கின.

“அடடா! என்ன மரியாதையா கேக்குதுங்க பாருங்க” என்று துணை இயக்குநர் நெகிழ்ந்தார். “மாவட்டத்துல ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு ஒலிபெருக்கி குடுத்துடுவோம்.”

ஒவ்வொரு பண்ணைக்குமா! எத்தனை வீட்டுப் பூச்சி இளைக்கும் என்று நினைத்ததும் லம்துவனுக்குப் பொறுக்கவில்லை. முன்னால் வந்தாள்.

“ஐயா, அது மரியாதை இல்ல, பயம். பல்லி வந்தாலும் இப்படித்தான் வாய மூடிக்கும். இந்தத் தொட்டிக்கு இன்னிக்குத்தான் பாட்டே போட்டாங்க.”

டாக்டர் இருமினார். துணை இயக்குநர் துளியும் அசையவில்லை.

“பயமும் மரியாதையும் ஒண்ணுதாம்மா. நான் ஆபீசுக்குள்ள நுழைஞ்சா அங்கயும் இப்படித்தான் அமைதியாயிடும்.”

“நானும் அதைத்தான் சொல்றேன், ஐயா.”

புன்சி பக்கென்று சிரித்துவிட்டாள். பத்திரிகைக்காரர்கள் குனிந்து காமிராவைத் துடைத்தார்கள். ஒரு கணம் யோசித்த துணை இயக்குநர், அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பேனர் ஏறியது. ஒலிபெருக்கிகளும் வந்து சேர்ந்தன. லம்துவன் வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொன்னாள். ஆகவே ஒருவரும் அவற்றைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகவில்லை. கல்யாணத்துக்கும் மொட்டையடிப்புக்கும் மோலாம் போட்டு ஆடினார்கள். ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுக்க வந்த பெண்ணிடம், “தினமும் வயலின்தான், தவறுறதே இல்ல” என்று சாதித்தார்கள். எல்லா வீட்டிலும் ஒலிபெருக்கி இருந்தது, எல்லாத் தொட்டியிலும் பூச்சி கொழுத்திருந்தது. டாக்டர் கித்திபட்டுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

லம்துவன் ஒருத்திதான், “நான் பாட்டுப் போடறதில்ல” என்றாள். அந்தப் பெண் படிவத்தை மேலும் கீழும் புரட்டினாள்.

“அப்படி எழுத இதுல இடமே இல்லையேக்கா. ஒண்ணு வயலின், இல்ல மோலாம், இல்ல பேண்டு. எதையாவது சொல்லுங்க.”

“நீயே எதையாவது போட்டுக்கம்மா” என்றுவிட்டு, லம்துவன் பூசணிக்காய் நறுக்கப் போனாள்.