நாதமேருவும் ஆடிய காலும்

‘நாதமேரு’ கனகசபாபதி போடும் மெட்டு தேறுமா என்பதைச் சங்கீதம் தெரியாத ஒருவரின் கால்தான் முடிவு செய்யும். கால் ஆடினால் படம் நூறு நாள். போன இரண்டு படங்களுக்கு எந்தக் காலும் ஆடவில்லை. இந்த 1958 மார்கழியில் போடுவதும் தோற்றால் சினிமாவில் அவர் சோலி முடிந்தது. மெட்டுக் கேட்க, சங்கீதம் தெரியாத பட முதலாளி மதியம் கோடைக்கானலுக்கே வருகிறார்.

காலையில், நாதமேரு தங்கி மெட்டுப் போடும் பங்களாவுக்கு மளிகைச் சாமான் கொண்டுவந்த கடைக்காரர் ஒலியுல்லாவைப் பிடித்து உட்கார வைத்து, போட்டு வைத்திருந்த ஏழு மெட்டுகளையும் வாசித்துக் காட்டினார். ஏழுக்கும் கால் ஆடியது. நாதமேருவுக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. ஆர்மோனியத்தை மூடினார். கால் நிற்கவில்லை.

“பாட்டு முடிஞ்சிருச்சு பாய்.”

“தெரியுதுங்க. பேத்துப்பாறையில இருந்து பனியில நனைஞ்சுக்கிட்டே வந்தேன். கால் வெடவெடங்குது.”

“அப்ப மெட்டு?”

“ஏழா வாசிச்சீங்க? ஒரே பாட்டைத்தான் திருப்பித் திருப்பிப் பழகுறீங்கன்னுல்ல நெனச்சேன்.”

நாதமேரு எழுந்தார். பிறகு, முதலாளிக்காகக் கணப்பு மூட்ட விறகோடு வந்த காவல்காரரைத் திருப்பி அனுப்பினார். பனிக்காற்று உள்ளே வரச் சன்னல்களை எல்லாம் அகலத் திறந்து, அவற்றுக்கு நேர் எதிரே முதலாளியின் நாற்காலியை இழுத்துப் போட்டார்.