தெற்கே வெயிலாம்

என் தங்கை துர்கா இங்கிலாந்தில் இருக்கிறாள். விருத்தாசலத்தில் யாரிடமும் அப்படிச் சொன்னால் புரியாது, லண்டன் என்றால்தான் புரியும். லண்டனுக்கும் அவள் வீட்டுக்கும் ரயிலில் மூன்று மணி நேரம். வடக்கே, மான்செஸ்டர் பக்கம் ஒரு சின்ன ஊர். மூன்று வருடத்துக்கு முன்பு அவளுடைய தலைப்பிரசவத்துக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். அம்மா அப்போதே உயிரோடு இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. "உனக்கென்னக்கா, புருஷனா புள்ளையா? பெட்டியக் கட்டு" என்றான் தம்பி ஆனந்தராஜ். நானும் கட்டினேன்.

வழியனுப்ப ஜங்ஷனுக்குப் பதினேழு பேர் வந்தார்கள். என்னோடு வேலை பார்க்கும் கொளஞ்சி மாலையே போட்டுவிட்டாள், ஏதோ நான் எலெக்‌ஷனில் ஜெயித்த மாதிரி.

அங்கே போய் ஆறு மாதம் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பதினேழு பேர் வழியனுப்பிய பிறகு திரும்பி வந்து அதைச் சொன்னால் மானம் போகாதா? கேட்டவர்களிடமெல்லாம் ஊர் சூப்பர், வீடு சூப்பர், மழைதான் கொஞ்சம் தொல்லை என்றேன். அந்த மழையை மட்டும் வஞ்சனையில்லாமல் திட்டினேன்.

"அத ஏன் கேக்கற கொளஞ்சி! அதுக்குப் பேரு கோடைகாலமாம். ஆடி மாசத்துல ஸ்வெட்டரு. ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்குது, ஆனா சூரியன் எந்தப் பக்கம்னு சத்தியமா தெரியாது. மழையாவது கொட்டித் தொலைக்குதா? நசநசன்னு நாளெல்லாம் தூறிக்கிட்டே கெடக்கும். தொவச்ச துணி மூணு நாளானாலும் பொணம் மாதிரி சில்லுன்னு கெடக்கும்."

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டி தினமும் இதையேதான் புலம்புவாள். வெயிலெல்லாம் தெற்கத்திக்காரர்களுக்கே போகிறதாம், வடக்கே மேகம் மட்டும்தானாம். என் அரைகுறை இங்கிலீஷுக்கும் அது நன்றாகப் புரிந்தது. நம் ஊரிலும் அதுதானே? மழை வந்தால் டெல்டாவுக்கு, புயல் வந்தால் கடலூருக்கு, நமக்கு வெறும் மூட்டம். அந்த ஆறு மாதத்தில் நான் பேசிய ஒரே ஆள் அவள்தான், பேசிய ஒரே விஷயம் வானம்தான்.

திரும்பி வந்ததும் பழைய செராமிக் கம்பெனியிலேயே சேர்ந்தேன். அச்சில் வார்த்தெடுத்த பொம்மையின் ஓரத்தைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, வெயிலில் அடுக்குகிற வேலை. மூட்டம் போட்டால் சரக்கு காயாது, சூளைக்கும் போகாது. போன மாதம் முதலாளி அந்த வேலை நடக்கிற ஷெட்டையே என் பொறுப்பில் விட்டார். பன்னிரண்டு பெண்கள் காலையில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடுகிறார்கள். நாற்பத்தோரு வயதில் எனக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான். "இன்னொரு தடவ ஆறு மாசம் போனீன்னா எடம் இருக்காது சிவசங்கரி" என்று ஷெட்டைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

நேற்று, ஞாயிறு மதியம், துர்கா ஆனந்தராஜின் ஃபோனுக்கு வீடியோவில் வந்தாள். இரண்டாவது உண்டாகி ஏழு மாதமாம், ஆவணியில் பிரசவமாம். ஏழு மாதம் கழித்து இப்போதுதான் எனக்குச் சொல்கிறார்கள்! ஆனந்தராஜ் அதற்குள் லேப்டாப்பில் விசா ஃபாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனாலும் வாயில் வந்தது பழைய பாட்டுதான்.

"என்னால அந்த மழைல முடியாது துர்கா. மூட்டத்தப் பாத்தாலே மூச்சு முட்டுது."

துர்கா சிரித்தாள். "தெரியும்க்கா. அதுக்குத்தான் வூட்டையே மாத்திட்டோம்."

"என்னாது?"

"தெக்க வந்துட்டோம், கடலோரம். இங்க ஒரு மாசமா பளீர்னு வெயிலு. உனக்காவத்தான் இவரு இந்தப் பக்கம் வேல மாத்திக்கிட்டாரு. பாரு, சன்னல காட்டறேன்."

காட்டினாள். பாவி மகள், சுள்ளென்றுதான் அடித்தது.

"இனிமே என்னா சாக்கு சொல்லுவ?" என்று ஆனந்தராஜ் இளித்தான்.

மூன்று வருடமாக நான் நம்பியிருந்த மழை ஒரே நொடியில் காலை வாரிவிட்டது. ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

"மழையெல்லாம் இல்லடி. ரெண்டு மாசத்துலயே புள்ளய எங்கிட்ட விட்டுட்டு வேலைக்குப் போயிட்ட. காலைல ஏழுக்குப் போவ, சாயங்காலம் ஏழுக்கு வருவ. வந்து என்னா பேசுவ? புள்ள பால் குடிச்சிதா, தூங்குச்சா. அவ்ளோதான். ஒரு நாளாச்சும் நீ சாப்புட்டியாக்கான்னு கேட்டியா? நான் உனக்கு அக்காவா, வேலைக்காரியா?"

துர்கா எழுந்து வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நான் மட்டும் யாருகிட்டக்கா பேசறேன்?" குரல் இறங்கிவிட்டது. "ஆபீஸ்ல போனா வெயிலு மழை. பஸ்ஸுல வெயிலு மழை. இவருகிட்டயும் அதான். இந்தப் புள்ள வேணாம்னுதான் இருந்தேன், காது குடுத்துக் கேக்க ஆளில்ல. அன்னிக்கி நீ வூட்ல இருந்தன்னுதான் தெனமும் வேல முடிஞ்சி வூட்டுக்கு வந்தேன். இல்லன்னா எங்கியாவது போயிருப்பேன். பரவால்லக்கா, நீ வராத."

அழுதிருந்தால் அதட்டியிருப்பேன். அவள் அழவில்லை, சுவரைப் பார்த்துப் பேசினாள். வா என்கிறவளிடம் வரமாட்டேன் என்று சண்டை போடலாம். வராதே என்கிறவளிடம் என்ன செய்வது?

"வாய மூடு. வரேன்" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.

உள்ளே வந்தேன். ஆனந்தராஜ் திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டிக்கொண்டிருந்தான். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் போட்டு முடித்திருந்தான்.

"என்னா வேலைன்னு கேக்குதுக்கா. கம்பெனின்னு போட்டா லீவு லெட்டரு கேப்பாங்க, உங்க முதலாளி குடுக்க மாட்டாரு. வேலை இல்லன்னு போட்டுடறேன், என்னா?"

ஃபோனை அவன் பக்கத்தில் வைத்தேன்.

"போட்டுக்கோ" என்றேன்.