தூங்கியவன் கைநாட்டு

ரயில்வேயில் ஹயாத் பாஷா பார்த்த வேலைக்குப் பெயர் 'கால் பாய்'. கூப்பிடுகிற பையன் என்று அர்த்தம். தாடி நரைத்து, பேரன் எடுத்து, அறுபது வயதில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிய நாள் வரைக்கும் காகிதத்தில் அவர் பையன்தான். வெள்ளைக்காரன் வைத்த பெயர். அவன் போய்ப் பத்து வருஷம் ஆகியும் அதை மாற்ற யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

வேலை இதுதான். நடுராத்திரியில் எந்த வண்டி புறப்பட இருந்தாலும், அதன் டிரைவர், ஃபயர்மேன், கார்டு வீடுகளுக்குக் கைவிளக்கோடு போய்க் கதவைத் தட்டி எழுப்ப வேண்டும். எழுந்தவர் புத்தகத்தில் நேரத்துக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்க வேண்டும். கைநாட்டு விழாமல் வாசலை விட்டு நகரக் கூடாது. இருபத்தெட்டு வருஷம் செங்கல்பட்டு ரயில்வே குடியிருப்பை இப்படி எழுப்பினார் ஹயாத் பாஷா. ராத்திரியெல்லாம் ஊரை எழுப்புவார். விடிந்ததும் தொழுதுவிட்டு வந்து, உச்சி வெயிலில் போர்த்திக்கொண்டு தூங்குவார்.

ஐம்பத்தாறாம் வருஷம் ஓய்வு கிடைத்தது. இனி மற்ற மனிதர்களைப் போல ராத்திரியில் தூங்கலாம் என்று அவர் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. புது இலவம் பஞ்சுத் தலையணை ஒன்றுகூடத் தைத்துக்கொண்டார். அந்தத் தலையணையில் அவர் ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கவில்லை.

படுத்தால் கண் சொக்கும். அதில் குறையே இல்லை. சரியாக ஒன்று பத்துக்கு யாரோ அவருடைய வலது கைக் கட்டைவிரலைப் பிடிப்பார்கள். இழுப்பதில்லை, நெரிப்பதில்லை. நிதானமாகப் பிடித்து, நுனியைக் கொஞ்சம் திருப்பி, எதன் மேலோ வைத்து அழுத்திவிட்டு விடுவார்கள். விரல் நுனி சில்லென்று ஈரமாக இருக்கும். விளக்கை ஏற்றிப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. அதற்குப் பிறகு விடிகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தூக்கம் வரவில்லை என்று ஒரு வார்த்தை வெளியே விட்டால் போதும், செங்கல்பட்டில் பாதிப் பேர் வைத்தியராகிவிடுவார்கள். ஜாதிக்காயைப் பாலில் உரைத்துக் குடி என்றார் ஒருவர். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவு என்றார் இன்னொருவர். கம்பவுண்டர் சாலமோன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு விஸ்தாரமாகவே சொன்னார்: வயசானால் தூக்கம் மெலிஞ்சு போகும், பகலில் படுக்காதே, சாயங்காலத்துக்கு மேல் டீ தொடாதே, கொளவாய் ஏரிக்கரையில் ஒரு மைல் நட, தினமும் ஒரே நேரத்துக்குப் படு. ரயில்வேக்காரர் ஆயிற்றே, ஒரு விதி தவறாமல் செய்தார் ஹயாத் பாஷா. பகல் தூக்கத்தை விட்டார். டீயை விட்டார். கட்டைவிரலைப் பிடித்தது மட்டும் அவரை விடவில்லை.

மனைவி லத்தீஃபா பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓதி வாங்கிவந்த கறுப்புக் கயிற்றை அந்த விரலில் இறுக்கிக் கட்டினாள். காலையில் கயிறு பாய்க்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. லத்தீஃபாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறந்தது கிணற்றடியில். எட்டு மாதத் தூக்கம் பாக்கி நின்ற மனிதர், தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தபோதே நின்றவாக்கில் கண் அயர்ந்துவிட்டார். வாளி உள்ளே போயிற்று. அவரும் போயிருப்பார், லத்தீஃபாதான் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

"இன்னாங்க இது! இன்னொரு தபா இப்பிடி ஆச்சின்னா மையத்துதான் தூக்கணும். யாருங்க அது? டெய்லி ராத்திரி 'தணிகவேலு, வுட்ருப்பா'ன்னு பொலம்பிகினு கீறீங்களே, யாரு அந்தத் தணிகவேலு?"

கிணற்றுக் கட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடி, ஒன்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

தணிகைவேல் ஃபயர்மேன். மகாபலிபுரத்துப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துப் பையன். கடலை விட்டுவிட்டுக் கரி தள்ள வந்தவன். எழுதத் தெரியாது. நாற்பத்தெட்டாம் வருஷம் சித்திரை மாதத்தில், பதினாறு மணி நேரம் வண்டியில் வெந்துவிட்டு ராத்திரி ஒன்பதுக்கு வந்து படுத்தவனை, ஆள் பற்றாக்குறை என்று மறுபடியும் கூட்ஸுக்குப் போட்டுவிட்டார்கள். இரண்டு மணிக்கு ஷெட்டில் இருக்க வேண்டும். ஒன்று பத்துக்கு ஹயாத் பாஷா போனார். புழுக்கத்துக்கு வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருந்தான். கூப்பிட்டார், உலுக்கினார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. 'ம்' என்றானே தவிர கண் திறக்கவில்லை. லெவல் கிராசிங்குக்கு அந்தப் பக்கம் டிரைவர் ஞானதாஸை எழுப்ப வேண்டும், நேரமாகிவிட்டது. கைநாட்டு இல்லாமல் நகரவும் கூடாது.

"தூங்குறவன் கையைப் புடிச்சேன் லத்தீஃபா. வெரல்ல மை தொட்டு நானே பொஸ்தகத்துல வச்சி அமுத்திட்டேன். திரும்பி வரச்சொல்ல நல்லா எழுப்பிக்கலாம்னு நெனச்சேன். அந்த அரை மணியாச்சும் தூங்கட்டுமேன்னுதான்."

திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. எழுந்து போய்விட்டான் என்று நிம்மதியாகக்கூட இருந்தது அவருக்கு. இரண்டு மணிக்குச் சேதி வந்தது. குறுக்கு வழியில் தண்டவாளங்களைத் தாண்டி ஓடியவன், எஞ்சின் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வந்த கூட்ஸ் பெட்டியைக் கவனிக்கவில்லை.

விசாரணையில் புத்தகத்தைப் பிரித்து வைத்தார்கள். ஒன்று பத்துக்குக் கைநாட்டு இருக்கிறதே, எழுந்தானா என்று கேட்டார்கள். எழுந்து உட்கார்ந்துதான் வைத்தான் என்றார் ஹயாத் பாஷா. வேலை போய்விடுமே என்கிற பயம். எழுப்பியும் மறுபடி படுத்துத் தூங்கிவிட்டுக் கடைசி நேரத்தில் ஓடியவன், அவன் கவனக்குறைவுதான் என்று எழுதிக் காகிதத்தைக் கட்டி வைத்துவிட்டார்கள். அவன் மனைவி ஆதியம்மாள் அந்த மாதமே குடியிருப்பைக் காலி செய்துகொண்டு, அதே குப்பத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

லத்தீஃபா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "அப்போ ஹஜ்ரத்துகிட்ட போயி இன்னா பிரயோஜனம்? இது அல்லாகிட்ட கேக்குற மன்னிப்பு இல்லீங்க. அந்தப் பொம்பளகிட்ட போங்க. அவ காறித் துப்பினாலும் தொடச்சிகினு வாங்க."

மறுநாள் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினார். மகாபலிபுரத்தில் இறங்கி, மணலில் வடக்கே நடந்து குப்பத்தைச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வழியெல்லாம் தூங்கித் தூங்கி விழுந்தார். சொல்ல வேண்டியதைப் பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார்; ஆளைக் கண்டதும் எல்லாம் மறந்து போயிற்று.

ஆதியம்மாள் மணலில் காயப்போட்ட கருவாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுகூட இருக்காது. அறுபது என்று சொல்லும்படி கண்ணுக்குக் கீழே கறுத்து இறங்கியிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். விளக்கும் புத்தகமும் இல்லாமல் அவரை அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் தெரிந்துகொண்டாள்.

"வாங்க பாய்" என்றாள். "இம்மா நாளு ஆச்சா வர்றதுக்கு?"

அவர் நின்றபடியே சொன்னார். கைநாட்டையும் சொன்னார், விசாரணையில் சொன்ன பொய்யையும் சொன்னார். சொல்லி முடித்தபோது மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஆதியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும். நான் முழிச்சிகினுதான் இருந்தேன்" என்றாள். "கதவு சந்துல பாத்தேன். கொழந்த கையப் புடிக்கிற மாதிரி மெதுவா அவரு வெரலப் புடிச்சி மை வச்சீங்க. எனக்கு இன்னா சந்தோசம் தெரியுமா? அப்பாடா, பாயி பாவம் பாத்து வுட்டுட்டுப் போறாரு, இந்த மனுசன் இன்னிக்காச்சும் தூங்குவாருன்னு நெனச்சேன்."

ஹயாத் பாஷா தலை நிமிர்ந்தார்.

"நீங்க போயி கொஞ்ச நேரத்துல எந்திரிச்சி உக்காந்தாரு. 'பாய் வந்தாரா?'ன்னாரு. இல்ல, யாரும் வரல, படுன்னு சொன்னேன் பாய். நான்தான் சொன்னேன். அவரும் படுத்துகினாரு. கொஞ்ச நேரம் நல்லாதான் தூங்கினாரு. அப்பறம் பொரண்டவரு, வேர்வைன்னு மொகத்தத் தொடச்சாரு. கன்னத்துல இன்னாவோ பிசுக்குன்னு கையப் பாத்தாரு. நல்ல நெலா வெளிச்சம். வெரல்ல மை."

கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என்ன ஒரு பார்வ பாத்தாரு. திட்டல, ஒண்ணும் கேக்கல. சட்டைய எடுத்துகினு ஓடுனாரு. அதான் கடைசி. அப்பலேந்து டெய்லி ராத்திரி வாசல்ல நின்னுகினு கேக்குறாரு, 'பாய் வந்தாரா?'ன்னு. எனக்கு நாக்கு எழ மாட்டேங்குது. இல்லன்னு சொன்ன வாயி அது. நீங்க எங்கிட்ட மன்னிப்பு கேக்குறீங்க. நான் யாருகிட்ட கேக்குறது?"

அவர் மனசுக்குள் ஏதோ இடிந்தது. எழுப்பாமல் விட்டதுதான் தன் பாவம் என்று ஒன்பது வருஷமாக நினைத்திருந்தார். அரை மணி தூங்கட்டும் என்று இரக்கப்பட்டதைச் சொல்லிச் சொல்லி அதற்கு ஒரு மருந்தும் தடவிக்கொண்டிருந்தார். இப்போது பார்த்தால், அந்த மை மட்டும் இல்லாதிருந்தால் அவன் பதறி ஓடியிருக்க மாட்டான், அவர் திரும்பி வந்து எழுப்புகிற வரைக்கும் தூங்கியிருப்பான். வண்டிக்குத் தாமதமாகியிருக்கலாம், உயிர் இருந்திருக்கும். அந்த மையை வைத்தது அவர் கை.

கடைசி பஸ் போய்விட்டிருந்தது. ஆதியம்மாளின் அண்ணன் ஜம்புலிங்கம் கடலிலிருந்து வந்தவர், வந்திருப்பவர் யார் என்று தங்கை சொன்னதும், வலை போட்டு வைத்திருக்கிற ஓலைக் கொட்டகையில் பாய் விரித்துக் கொடுத்துவிட்டு, "இங்க காத்து நல்லா வரும் பாய், தூங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருவரைத் தூங்கச் சொல்ல அந்தக் குப்பத்தில் எல்லோருக்கும் உரிமை உண்டு, அவரையும் ஆதியம்மாளையும் தவிர!

படுத்தார். எதிரே பத்தடியில் ஆதியம்மாளின் குடிசை. கதவு திறந்தே கிடந்தது. கடிகாரம் கிடையாது, இருபத்தெட்டு வருஷம் பழகிய உடம்புக்கு அது தேவையும் இல்லை.

ஒன்று பத்துக்கு விரலைப் பிடித்தது. வழக்கமான அதே நிதானம், அதே ஈரம். ஆனால் இந்த முறை அழுத்திவிட்டு விடவில்லை. பிடித்தபடியே இருந்தது. காதுக்குப் பக்கத்தில், காய்ச்சலில் வறண்ட ஒரு குரல் கேட்டது. ஒன்பது வருஷம் கழித்துக் கேட்டாலும் அவருக்குத் தெரியாத குரலா?

"பாய் வந்தாரா?"

குடிசைக்குள் கோரைப்பாய் சரசரத்தது. மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஆதியம்மாள் சொன்னாள், உடைந்து, ஆனால் தெளிவாக: "வந்தாரு. வந்துட்டாரு. இதோ கீறாரு பாரு."

ஹயாத் பாஷா எழுந்தார். பயந்தார், அதை மறைப்பானேன்? கையில் விளக்கு இல்லை, புத்தகமும் இல்லை. குடிசை வாசலுக்குப் போய், பிடிபடாத இடது கையால் கதவு நிலையை மூன்று முறை தட்டினார்.

"தணிகைவேலு! ஏய் தணிகைவேலு! மணி ஒண்ணு பத்து. கூட்ஸுக்கு உன்னப் போட்டுக்கீது. கண்ணத் தொற. நல்லா எந்திரி. அவசரம் இல்ல, நெறைய நேரம் கீது. மெதுவா போ. பாலத்து மேல சுத்திகினு போ. லைனுக்குக் குறுக்க போவாத, இன்னா?"

விரலைப் பிடித்திருந்தது ஒரு முறை நன்றாக அழுத்தியது, படுத்திருப்பவன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் போல. அவர் தோள்வரை அந்தப் பாரம் இழுத்தது. பிறகு விட்டது. மணலில் யாரோ தெற்கே நடந்து போகிற சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. ஓடவில்லை. நடந்துதான் போனது.

கொட்டகைக்குத் திரும்பிப் போய்ப் படுத்தது வரைக்கும்தான் அவருக்கு நினைவு.

ஜம்புலிங்கம் தோளைத் தொட்டு எழுப்பியபோது வெயில் கொட்டகைக்குள் வந்துவிட்டது. ஹயாத் பாஷா திடுக்கிட்டு உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக விடியற்காலைத் தொழுகை தப்பிவிட்டிருந்தது. 'அல்லாவே' என்று நாக்கைக் கடித்துக்கொண்டவர், வலது கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் உலர்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது.

"எட்டு மணி ஆவுது பாய். இங்க ஆதியும் எந்திரிக்கல. கோழி கூவுறதுக்கு முந்தி எந்திரிக்கிறவ. ஒடம்பு கிடம்பு சரியில்லையோ இன்னாவோ, எழுப்பிப் பாக்குறேன்" என்று ஜம்புலிங்கம் குடிசையைப் பார்த்து நடந்தார்.

ஹயாத் பாஷா அவரை முந்திக்கொண்டு ஓடினார். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். ஆதியம்மாள் ஒருக்களித்து, கையைத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். மெல்லிய குறட்டை வந்தது. கண்ணுக்குக் கீழே ஈ உட்கார்ந்து எழுந்ததுகூடத் தெரியவில்லை அவளுக்கு.

இருபத்தெட்டு வருஷம் ஊரை எழுப்பிய மனிதர் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்து நின்றார்.

"வேணாம்பா. எழுப்பாத."

"முத பஸ்ஸு பூடுமே பாய்?"

"போவட்டும்."

குடிசை வாசலிலேயே உட்கார்ந்து, மேல்துண்டால் உள்ளே ஈ போகாமல் விசிறிக்கொண்டிருந்தார். கூடை கேட்டு வந்த பெண்களை வாயில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினார். குரைத்த நாயைக் கல்லெடுத்துத் துரத்தினார்.

"இன்னும் எம்மா நேரம் பாய் குந்திகினு இருப்பீங்க?" என்று கேட்டார் ஜம்புலிங்கம்.

"அவங்களா முழிக்கிற வரைக்கும்" என்றார் ஹயாத் பாஷா.