ஆர்கனுக்கு எழுந்து நின்றவர்கள்

துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஒன்றின் என்ஜினியர், ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கும் என் அண்ணன் தனராஜுக்கு ஓர் இசைத்தட்டு கொடுத்தார். உறையில், பனிக்குள் நிற்கும் கல் கோயில். பாடகர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தது.

"லுத்தரன் சபைக் கீதங்கள்," என்றார் அப்பா. அவர் தலைமையாசிரியர். சனிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் போடலாம் என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"ஒரு தடவை முழுசா கேட்டுப் பாத்துருதேன்ப்பா."

"பொம்பளப்பிள்ள நீ ரேடியோகிராம்ல கை வைக்காண்டாம். அண்ணன் இப்பதான் சரி பண்ணிருக்கான்."

சரி செய்தது நான். பி.எஸ்ஸி. பௌதிகம். எந்த வால்வு போயிருக்கிறது என்று கண்டுபிடித்து மாற்றியது நான். அண்ணன் டார்ச் பிடித்தான். அதை நான் சொல்லவில்லை. சனிக்கிழமை வரைக்கும் நான்கு நாளும் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். அண்ணன் துறைமுகத்தில் இருந்தான். வேறு வழியில்லாமல் அப்பா என்னைப் போடச் சொன்னார். முள்ளை வைத்தேன். ஆர்கன் ஒலித்தது.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். கோயிலில் ஆர்கன் தொடங்கினால் எழுந்து பழகிய கால்கள். கண்ணை மூடி, பாட வேண்டிய இடத்துக்காகக் காத்திருந்தார்கள். ஒரு நிமிடம். மூன்று நிமிடம்.

"எஸ்றா, பாட்டு எப்பம்யா வரும்?" என்று வேதமணி டீச்சர் கண்ணைத் திறக்காமலே அப்பாவிடம் கேட்டார்.

அப்போது டிரம் இடித்தது. மேலே எலெக்ட்ரிக் கிடார். ஒருவன் பாடினான். வார்த்தை புரியவில்லை. எதையோ கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் அலுத்துப்போனவன் என்பது மட்டும் புரிந்தது.

கிருபை அக்கா முந்தானையால் வாயைப் பொத்தினாள். "லுத்தரன்காரங்க இப்படித்தான் ஜெபம் பண்ணுவாங்களோ?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏளா, என்னத்தப் போட்டு வச்சிருக்க? காலேஜுல இதத்தான் படிச்சியோ? எடு. அடுப்புல போடுதேன்."

முள்ளை எடுக்காமல் ரேடியோகிராமுக்கு முன்னால் நின்றேன்.

"பூட்டி வச்சது நீங்க. போடச் சொன்னதும் நீங்க. ரேடியோகிராம சரி பண்ணது நானு. நான் முழுசா கேக்கணும்."

அப்பா முன்கதவுப் பக்கம் போய் மெயினை அணைத்தார். மின்விசிறி தளர்ந்தது. பாடியவன் குரல் தடித்து, தாழ்ந்து, உறுமி நின்றது.

நான் போய் மெயினை மேலே தள்ளினேன். தட்டு உடனே சுழலும். வால்வு சூடாகிச் சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க அப்பா கத்தினார். நாளைக்கே என்னை நாசரேத்துக்கு, அத்தை வீட்டுக்கு அனுப்புவாராம். அந்த இடைவெளியில் பாட்டு எவ்வளவு ஓடியதோ, அவ்வளவும் எனக்குப் போயிற்று. அதுதான் பொறுக்கவில்லை.

குரல் திரும்பி வந்தது. அப்பாவின் கையும் சுவிட்சுக்கு வந்தது. நான் பலகையில் முதுகைச் சாய்த்து மறித்து நின்றேன்.

"கைய எடுங்க."

பெண்கள் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிப் போனார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முள் கடைசி வட்டத்துக்கு வந்து உரசியது. மறுபக்கம் கேட்கத் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். நான் நகர்ந்தால் மெயின் போய்விடும். அப்பாவும் அதற்குத்தான் நின்றிருந்தார்.

உள்ளே வேதமணி டீச்சர் மட்டும் இருந்தார்.

"டீச்சர், அதத் திருப்பிப் போடுங்க," என்றேன்.

என்னைவிட நாற்பது வயது மூத்தவர். எழுந்து போய்த் திருப்பிப் போட்டார்.